பதில் தாமதம்

விசாரணை ஆணையத்தில் சாட்சியம் பதிவதற்கு ஆள் கிடையாது, இயந்திரம்தான். கேள்வி முடிந்ததும் அது நான்கு விநாடி காத்திருக்கும். அதற்குள் சாட்சி வாய் திறக்காவிட்டால் 'பதில் இல்லை' என்று பதிந்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடும். சாதாரணமாகப் பேசுகிறவர்களுக்கு நான்கு விநாடி தாராளம். பொய் சொல்கிறவர்களுக்குக்கூடப் போதும்.

ஜெசிந்தாவுக்குப் போதவில்லை. முதல் நாள் அவரிடம் பத்தொன்பது கேள்விகள் கேட்டார்கள். பதிமூன்றுக்குப் 'பதில் இல்லை' என்று விழுந்தது. பதில்கள் வரத்தான் செய்தன. இயந்திரம் நகர்ந்த பிறகு வந்து, அடுத்த கேள்வியின் தலையில் விழுந்தன. 'உங்கள் வயது என்ன' என்பதற்கு 'இல்லை, நான் அங்கே போகவில்லை' என்று ஆணையத்தின் ஏட்டில் இன்றைக்கும் இருக்கிறது.

மறுநாள் காலை அவருடைய வக்கீல் கோமதிநாயகம் அவரைக் கூட்டிக்கொண்டு எங்கள் பட்டறைக்கு வந்தார். எங்கள் ஊர் மணல்முனையில் தொண்டை போய், கழுத்தில் மாட்டிய குரல்பெட்டியால் பேசுகிறவர்கள் இருநூறு பேருக்கு மேல். பெட்டிகளைப் பழுது பார்க்க இருப்பவள் நான் ஒருத்தி. பெயர் முபீனா. பழுது பார்ப்பேன், சர்வீஸ் சீட்டில் எழுதுவேன், கையெழுத்து வாங்குவேன். மனிதர்களைவிடப் பெட்டிகளோடு எனக்குப் பேச்சு சுமுகமாக நடக்கும்.

"மேடம், வர்ற வியாழக்கிழமை ரெண்டாவது அமர்வு" என்றார் வக்கீல். "அதுக்குள்ள இந்தப் பெட்டி வேகமாப் பேசணும். இல்லேன்னா நாலு பேரைக் கொன்னது இந்தம்மாதான்னு எழுதி மூடிருவாங்க."

விஷயம் ஊருக்கே தெரியும். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் இரண்டு வருடங்களுக்கு முன்னால் ஒரு பகல் ஷிப்டில் குளோரின் கசிந்தது. நான்கு பேர் செத்தார்கள். மேற்பார்வையாளராக இருந்த ஜெசிந்தா பிழைத்தார், தொண்டை பிழைக்கவில்லை. கசிந்த நேரத்தில் அபாய மணி அடிக்கவில்லை. யாரோ சாவி போட்டு அதை அணைத்து வைத்திருந்தார்கள். அந்தச் சாவி இரண்டு பேரிடம்தான் உண்டு. ஒன்று ஜெசிந்தாவிடம், இன்னொன்று ஆபரேட்டர் கிளாடியஸிடம். கிளாடியஸ் செத்த நான்கு பேரில் ஒருவன். ஆக, பேச முடிகிற ஒரே சாட்சி ஜெசிந்தா, குற்றம் சாட்டப்பட்டவரும் அவரே. மணியை அணைத்தது அவர்தான் என்று ஆலை நிர்வாகம் எழுதிக் கொடுத்திருந்தது. தீர்ப்பு அப்படியே வந்தால் பத்து வருடமாவது உள்ளே இருக்க வேண்டும்.

"எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பார்க்கேன்" என்றேன். "அக்கா, உங்க பேர் சொல்லுங்க."

அக்கா என்னைப் பார்த்தார். உதடு அசைந்தது. ஒரு விநாடி, இரண்டு, மூன்று. கழுத்திலிருந்த பெட்டி, "ஜெசிந்தா" என்றது.

ஒரு சொல்லுக்கே மூன்று விநாடி. வாக்கியம் நீண்டால் ஐந்து, ஆறு. வீட்டில் அவர் வாய் திறப்பதற்குள் பிள்ளைகள் பதிலையும் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள் என்று பிற்பாடு சொன்னார். இரண்டு வருடமாக அந்த வீட்டில் அவர் எந்த விவாதத்திலும் ஜெயித்ததில்லை.

பெட்டியை என் கணினியில் மாட்டி உள்ளே பார்த்தேன். பெட்டிக்குள் இருப்பது சின்னக் கணினி, கட்டைவிரல் நகம் அளவு. கழுத்து நரம்புகளில் ஒட்டியிருக்கும் கம்பிகள் சொற்களைப் பிடித்து அதற்கு அனுப்பும். சிக்கல் என்னவென்றால், நாம் பேச நினைக்கிற சொற்கள் மட்டுமல்ல, மனசுக்குள் முணுமுணுத்துக்கொள்கிற சொற்களும் அதே நரம்பில்தான் வரும். பெட்டி இரண்டையும் ஒரே வரியில் எழுதி, உள்ளே முணுமுணுத்ததை மட்டும் அடைப்புக்குறிக்குள் போட்டுவிடும். அடைப்புக்குறிக்குள் இருப்பதை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைப் பேச வேண்டும். அந்த வெட்டுகிற வேலையை ஒரு ஷெல் ஸ்கிரிப்ட், அதாவது ஷெல் என்கிற புரோகிராமுக்கு எழுதிய உத்தரவுப் பட்டியல், செய்துகொண்டிருந்தது.

ஸ்கிரிப்டைத் திறந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன மேடம்?" என்றார் வக்கீல்.

"இதை எழுதினவர் தலையைச் சுத்தி மூக்கைத் தொட்டிருக்காரு சார். உங்க வீட்டுல வெங்காயம் நறுக்கணும். கையில கத்தி இருக்கு. ஆனா நீங்க நறுக்காம, தெருவுக்குப் போய் ஒரு ஆளைக் கூப்பிடுதீங்க. அவர் வந்து, செருப்பைக் கழட்டி, கை கழுவி, ஒரு வெங்காயத்தை ரெண்டா நறுக்கிட்டு, செருப்பை மாட்டிட்டுப் போயிருதாரு. அந்த ரெண்டை நாலா நறுக்க இன்னொரு ஆளைக் கூப்பிடுதீங்க. அப்படி ஒரு வாக்கியத்துக்கு ஒன்பது ஆளு."

"ஆளுன்னா?"

"வெளிக் கமாண்டு. தனித்தனி புரோகிராம். பெரிய கணினியில அது தெரியவே தெரியாது. இந்த நகம் அளவு பெட்டியில ஒவ்வொண்ணையும் எழுப்பிக் கொண்டாந்து உக்கார வைக்கவே விநாடியில மூணுல ஒரு பங்கு ஆகுது. வேலை செய்ய நேரமே ஆகல. வர்றதுக்கும் போறதுக்கும்தான் நேரம்."

"ஆளே இல்லாம முடியுமா?"

"ஷெல்லுக்கே வெட்டத் தெரியும் சார். முன்னால வெட்டும், பின்னால வெட்டும், நடுவுல தேடி எடுத்துப் போடும். கத்தி கையிலேயே இருக்கு. யாரும் எடுக்கல, அவ்வளவுதான்."

ஜெசிந்தா அக்கா ஏதோ சொல்ல வந்தார். மூன்று விநாடி கழித்துப் பெட்டி சொன்னது: "அப்போ ரெண்டு வருஷமா நான் வெளியாளுக்காகத்தான் காத்துக் கெடந்தேனா?"

எனக்கு அது பாவமாக இருந்தது. "சாயங்காலம் வாங்கக்கா" என்று மட்டும் சொன்னேன்.

ஒன்பது ஆட்களையும் ஒவ்வொருவராக வெளியே அனுப்பினேன். வரியின் தலையில் இருந்த நேரக்குறிப்பை வெட்ட ஒருவர், வாலில் இருந்த எண்ணை வெட்ட ஒருவர், அடைப்புக்குறிக்குள் இருப்பதை எறிய ஒருவர், இப்படி. ஒவ்வொருவருடைய வேலையையும் ஷெல்லிடமே கொடுத்தேன். ஸ்கிரிப்ட் பதினோரு வரியாகச் சுருங்கியது. நாற்பது வாக்கியங்களை வைத்துச் சோதித்தேன். நாற்பதும் சரியாக வந்தன. தாமதம் ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்கு. எனக்கு அன்றைக்கு மத்தியானச் சோறு நன்றாக இறங்கியது.

சாயங்காலம் பெட்டியைக் கழுத்தில் மாட்டியதும் அக்கா, "முபீனா" என்றார். உதடு அசைவதும் குரல் வருவதும் ஒன்றாகவே நடந்தன. அவர் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு கையை எடுத்துவிட்டு, தொடர்ந்து கால் மணி நேரம் பேசினார். மருமகனைப் பற்றி, பஸ் கண்டக்டரைப் பற்றி, ஆலைக் கேண்டீன் சாம்பாரைப் பற்றி. வக்கீல் நடுவில் புகுந்து பேசப் பார்த்து முடியாமல் விட்டுவிட்டார். வியாழனுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. "வீட்டுல பேசிப் பழகுங்க" என்று அனுப்பி வைத்தேன்.

வியாழக்கிழமை நானும் போனேன். வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்க ஆசை. மூன்றாவது வரிசையில் கிளாடியஸின் மனைவி ஸ்டெல்லா உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு அமர்வுக்கும் அவள் கணவனின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவாளாம். சட்டம் போட்ட படம், துடைத்துத் துடைத்துக் கண்ணாடி பளபளத்தது.

ஆலையின் வக்கீல் கேள்வி கேட்டார். ஜெசிந்தா பட் பட்டென்று பதில் சொன்னார். மணி மாதம் பத்துத் தடவை காரணமில்லாமல் அடித்ததை, பழுது பார்க்கச் சொல்லி ஏழு கடிதம் எழுதியதை, ஒன்றுக்கும் பதில் வராததை, தேதியோடு சொன்னார். ஆலை வக்கீல் முகம் சுருங்கிக்கொண்டே போனது. கடைசியில் அவர் கேட்டார்: "அன்றைக்கு மணியின் சாவியைத் திருப்பியது யார்?"

"எனக்குத் தெரியாது. நான் பம்ப் ரூம்ல இருந்தேன்" என்றது பெட்டி. அதே மூச்சில் தொடர்ந்தது. "கிளாடியஸ்தான் திருப்பினான். அவன் பேரை நான் எப்படிச் சொல்லுவேன்."

ஜெசிந்தா அக்கா இரண்டு கையாலும் கழுத்துப் பெட்டியைப் பொத்தினார். ஸ்டெல்லா மடியிலிருந்த படத்தைக் கவிழ்த்து வைத்தாள். பதிவு இயந்திரம் எல்லாவற்றையும் பதிந்துகொண்டது.

பட்டறைக்குத் திரும்பி வந்து என் கணினியில் இருந்த ஸ்கிரிப்ட் நகலைத் திறந்தேன். தப்பைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஷெல்லிடம் ஒன்றைத் தேடி எடுத்துப் போடச் சொல்லும்போது ஒரு சாய்கோடு போட்டால், முதலில் கண்ணில் படுவதை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டு நின்றுவிடும். இரண்டு சாய்கோடு போட்டால்தான் வரி முழுக்கத் தேடும். பழைய வெளிக் கமாண்டில் 'வரி முழுக்கத் தேடு' என்ற உத்தரவைக் கடைசியில் சொல்ல வேண்டும், ஷெல்லில் முதலிலேயே சொல்ல வேண்டும். பழக்க தோஷத்தில் நான் ஒன்றைப் போட்டுவிட்டுக் கடைசிக்குப் போயிருந்தேன். கடைசியில் சொல்ல எதுவும் இல்லை. அப்படியே மூடிவிட்டேன். சோதித்த நாற்பது வாக்கியங்களிலும் வாக்கியத்துக்கு ஒரு முணுமுணுப்புதான் வைத்திருந்தேன். ஒரு வாக்கியம் பேசும்போது மனுஷிக்கு மனசுக்குள் ஒரு நினைப்புதான் ஓடும் என்று என் எண்ணம். இதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அன்றைக்கு நான் அழுதேன். ஒரு பெண் செத்தவனுடைய பேரைக் காப்பாற்ற இரண்டு வருடம் மென்று விழுங்கிய ஒன்றை, ஒரு சாய்கோட்டுச் சோம்பேறித்தனத்தால் நான் ஊருக்கு நடுவில் கொட்டிவிட்டேன் என்று அழுதேன்.

அடுத்த அமர்வில், பழுதான பெட்டி பேசியதைச் சாட்சியமாக ஏற்கக் கூடாது என்று ஆலை வக்கீல் எழுந்தார். கோமதிநாயகம் சும்மா இருப்பாரா. "பழுதுதான் சாட்சியமே" என்றார். பேச வேண்டும் என்று நினைக்காமல் வந்த சொல்லில் பொய் எப்படி இருக்கும் என்று கேட்டார். ஆணையம் என்னிடம் எழுத்தில் கேட்டது. நான் எழுதிக் கொடுத்தேன்: 'பெட்டி எதையும் சொந்தமாகச் சொல்லாது. மறைக்க வேண்டியதை மறைக்கத் தவறியது, அந்தத் தவறு என்னுடையது. அவை சாட்சி உத்தேசிக்காமல் வெளிவந்த சொற்கள்.' கீழே கையெழுத்துப் போட்டேன். வாழ்க்கையில் அவ்வளவு நேர்மையாக எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை என்றுதான் அப்போது நினைத்தேன்.

நான்கு மாதத்தில் இடைக்கால அறிக்கை வந்தது. மணியைப் பழுது பார்க்காத ஆலை மேல் பாதிக் குற்றம், மணியை அணைத்த ஆபரேட்டர் கிளாடியஸ் மேல் பாதிக் குற்றம். ஜெசிந்தா மேல் குற்றமில்லை. அதில் என் வரிகளை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். அறிக்கை வாசித்த அன்று ஸ்டெல்லா வந்திருந்தாள். மடியில் படம் இல்லை. வெளியே வரும்போது என்னை நிறுத்தி, "நீங்கதான அந்தப் பெட்டியச் சரி பண்ணினது?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "நல்லா இருங்க" என்றாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அறிக்கை வரும்வரை பெட்டியில் யாரும் கை வைக்கக் கூடாது என்று ஆணையம் சொல்லியிருந்ததால், அதற்குப் பிறகுதான் ஜெசிந்தா அக்கா சர்வீசுக்கு வந்தார். உடம்பு கொஞ்சம் தேறியிருந்தது. ஒரு டப்பாவில் மஸ்கோத் அல்வா கொண்டுவந்திருந்தார்.

"அன்னைக்கு நடந்ததுக்கு உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும்க்கா" என்றேன். நாலு மாதமாக வைத்திருந்த வாக்கியம்.

"விடு முபீனா. நடந்தது நடந்துபோச்சு" என்றது பெட்டி.

பெட்டியைக் கழற்றிக் கணினியில் மாட்டினேன். பெட்டி தான் கேட்ட ஒவ்வொரு வரியையும் வெட்டுவதற்கு முன் ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளும். இருப்பது வெறும் ஒரு சாய்கோடு வேலை, கோப்பைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. சரி செய்த பிறகு சோதிக்க நிஜமான வரிகள் வேண்டும், என் நாற்பது வாக்கியங்களின் லட்சணம்தான் தெரிந்துவிட்டதே என்று திறந்தேன். அமர்வுக்கு முந்தைய இரண்டு நாட்களின் வரிகள் மேலே வந்தன. அடைப்புக்குறிகள் அப்படியே இருந்தன.

(மாதாவே) ஒண்ணு (ரெண்டு).

(மாதாவே) சோறு ஆகிருச்சு (இது கேக்குதா).

(மாதாவே) எனக்குத் தெரியாது (கிளாடியஸ்தான் அணைச்சான்).

(மாதாவே) எனக்குத் தெரியாது. நான் பம்ப் ரூம்ல இருந்தேன் (கிளாடியஸ் திருப்பினான்).

(மாதாவே) எனக்குத் தெரியாது. நான் பம்ப் ரூம்ல இருந்தேன் (கிளாடியஸ்தான் திருப்பினான். அவன் பேரை நான் எப்படிச் சொல்லுவேன்).

கடைசி வரி மட்டும் பதினான்கு தடவை இருந்தது.

திரையை அவர் பக்கம் திருப்பினேன். அக்கா படித்தார். பெட்டி மேசையில் இருந்ததால் அவரால் பேச முடியவில்லை. கையை நீட்டினார். எடுத்துக் கொடுத்தேன், மாட்டிக்கொண்டார்.

"பார்த்துட்டியா" என்றது பெட்டி. தாமதமே இல்லை.

"எப்பத் தெரியும்?"

"நீ மாட்டிவிட்ட அன்னைக்கே. மீன்காரன்ட்ட அரைக் கிலோ நெத்திலி கேட்டேன். எப்பவும் போல மனசுக்குள்ள மாதா பேரைச் சொன்னேன். அது வரல. அப்புறம் இவன் எடையில ஏமாத்துவான்னு நெனச்சேன். அது வந்துருச்சு. அவன் மூஞ்சியப் பார்த்திருக்கணும் நீ."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா சரி பண்ணிருப்பே."

அது உண்மைதான்.

"நான் வாயால சொன்னா எவன் நம்புவான்?" என்று தொடர்ந்தார். "செத்தவன் மேல பழியப் போடுதான்னு காறித் துப்பிருப்பாங்க. தானா வாய்தவறி வந்தா நம்புதாங்க. ஸ்டெல்லாகூட என்னையத் திட்டல. அக்கா நீங்க எவ்வளவு நாள் மறைச்சு வச்சிருக்கீங்கன்னு கையப் புடிச்சு அழுதா. பெட்டியத்தான் திட்டினா. உன்னையும்."

"உத்தேசிக்காமல் வெளிவந்த சொற்கள்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன்க்கா. என் எழுத்தை வச்சுத்தான் அறிக்கையே."

"உனக்குத் தெரிஞ்சதத்தான எழுதினே."

பெட்டியை மறுபடி கழற்றித் தந்தார். நான் இரண்டாவது சாய்கோட்டைப் போட்டேன். இரண்டு, மூன்று, ஏழு முணுமுணுப்புகள் உள்ள வரிகளை விட்டுப் பார்த்தேன். எல்லாம் சுத்தமாக வெட்டுப்பட்டன. தாமதம் முன்போலவே விநாடியில் இருபதில் ஒரு பங்கு. வயரைப் பிடுங்கி, பெட்டியை அவர் கழுத்தில் நானே மாட்டிவிட்டேன். வயர் என் கையில் இருந்தது.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு கேக்கேன். சாவியைத் திருப்பினது யாரு?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். ஒரு விநாடி. என் கையிலிருந்த வயரைப் பார்த்தார். இரண்டு. அல்வா டப்பாவின் மூடி சரியாக மூடியிருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்த்தார். மூன்று, நான்கு. ஆணையத்தின் இயந்திரம் இந்நேரம் 'பதில் இல்லை' என்று பதிந்து நகர்ந்திருக்கும். ஐந்து.

"கிளாடியஸ்தான்" என்றது பெட்டி.

அந்தப் பெட்டிக்குள் இப்போது வெளியாள் ஒருவரும் கிடையாது. ஒன்பது பேரையும் நான்தான் அனுப்பினேன்.

வயரைச் செருகினால் அந்த ஐந்து விநாடியில் அவர் உள்ளே என்ன சொன்னார் என்று படித்துவிடலாம். செருகவில்லை. ஒருத்தர் மனசைத் திறந்து பார்த்து ஒரு தடவை பட்டது எனக்குப் போதும். வயரைச் சுருட்டி மேசை டிராயரில் வைத்தேன்.

பிறகு சர்வீஸ் சீட்டை எடுத்தேன். பெட்டி ஆணையத்தின் சாட்சிப் பொருளாக இருந்ததால் அதன் ஒரு நகல் அங்கே போக வேண்டும். கடைசி அறிக்கை எழுதும்போது அதைப் படிப்பார்கள் என்பது அக்காவுக்கும் தெரியும். பெயர், தேதி, செய்த வேலை எல்லாம் எழுதினேன். 'பதில் தாமதம்' என்ற கட்டத்தில் ஐந்து விநாடி என்று எழுதினேன். பக்கத்தில் 'காரணம்' என்ற கட்டம். பெட்டியில் கோளாறு இல்லை என்று எழுதினேன். கேட்ட கேள்வியையும் கீழே ஒரு வரியில் எழுதி, சீட்டை அவர் பக்கம் தள்ளினேன்.

ஜெசிந்தா அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ்வரை படித்தார். என்னிடம் பேனா கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.